சேஃப்டி என்று நம்பிய கல்லூரி

இங்கே அமெரிக்காவில் மகளுக்குக் கல்லூரி முடிவாகி மூன்று வாரம் ஆகிறது. விண்ணப்பிக்கும் கல்லூரிகளைப் பட்டியல் போட்ட எக்செல் கோப்பை அழிக்க இன்னும் மனம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டிலேயே படித்தவள். கணினி அறிவியல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பட்டியல் போடுவது ஒரு வாரக்கடைசி வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் பிடித்தது.

முதல் பட்டியலில் 14 கல்லூரிகள். இடம் கிடைப்பது அரிதான ரீச்சுக்குச் சிவப்பு, கிடைக்க வாய்ப்புள்ள டார்கெட்டுக்கு மஞ்சள், நிச்சயம் கிடைக்கும் என்று நம்பும் சேஃப்டிக்குப் பச்சை. கல்லூரியின் மொத்தச் சேர்க்கை விகிதத்தை மட்டும் பார்த்துத்தான் நிறம் பூசினேன். விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் எடுக்கிறார்களா, பச்சை. அப்படி ஒரு பச்சையைப் பார்க்க நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனோம். சுற்றிக்காட்டிய மாணவர் பேச்சுவாக்கில் சொன்னார்: கணினி அறிவியலுக்குத் தனி வாசல், அங்கே பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, வேறு துறையில் நுழைந்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். திரும்பும் வழியில் காரில் யாரும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கல்லூரியாகத் தோண்டினேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதலிலேயே கணினி அறிவியலுக்கு எடுத்தால்தான் உண்டு; பிறகு மாறுவது மிகக் கடினம். கார்னகி மெலனில் கணினி அறிவியலுக்கென்றே தனிப் பள்ளி, சேர்க்கையும் தனி. இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினில் கணினி அறிவியலை மொழியியலோடோ இசையோடோ சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் உண்டு. எம்ஐடியில் நிலைமையே வேறு, முதலாண்டில் யாருக்கும் துறை கிடையாது. ஆக, மொத்த விகிதத்தை வைத்துப் போட்ட நிறமெல்லாம் வீண். துறைக்கு நேரடிச் சேர்க்கையா, உள்ளே போன பின் மாற முடியுமா என்று இரண்டு கட்டம் புதிதாகச் சேர்த்தேன். பச்சையில் ஐந்து இருந்தது, இரண்டாகிவிட்டது.

அந்த இரண்டில் ஒன்றுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. மகளின் மதிப்பெண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள் என்று நம்பினேன். வீட்டுக்கல்வி மாணவர்களுக்கான பக்கம் தனியாக இருப்பதை அக்டோபரில்தான் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலுக்கு நோட்டரி கையெழுத்து வேண்டுமாம். ஆய்வகப் பாடங்களுக்குப் பெற்றோர் அல்லாத ஒருவர் சான்று தர வேண்டுமாம். எங்கள் வேதியியல் ஆய்வகம் சாப்பாட்டு மேஜைதான்! தொலைபேசியில் கேட்டால், ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார். அடுத்தவர் தபாலில்தான் வர வேண்டும் என்றார். மூன்றாமவர், "இதெல்லாம் எங்களுக்குத் தேவையே இல்லையே" என்றார். மூன்று பேர் பேச்சையும் நம்பி இரண்டு வாரம் போனது. வாய்வார்த்தையாக எதையும் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள்.

கடைசியில் அந்தக் கல்லூரியைத் தூக்கிவிட்டு எங்கள் மாநிலத்திலேயே ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தைச் சேர்த்தோம். அங்கே உள்ளே வந்தவர் யாரும் கணினி அறிவியல் எடுக்கலாம். உதவித்தொகை போக நம் கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது செலவும் கையைக் கடிக்கவில்லை. இடம் கிடைத்தும் கட்ட முடியாத கல்லூரியைச் சேஃப்டி என்று எழுதி என்ன பயன்?

கலிஃபோர்னியாவின் யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்களையும் நீக்கினோம். கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்ஏடியின் மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதே இல்லை. அம்மா போட்ட மார்க்கை யார் நம்புவார்கள் என்றுதானே எஸ்ஏடிக்கு அவ்வளவு உழைத்தாள். மற்ற பக்கம், எஸ்ஏடி கட்டாயமில்லை என்று சொல்லும் சில கல்லூரிகள் வீட்டுக்கல்வி மாணவர்களிடம் மட்டும் கேட்கின்றன. அது பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

பள்ளிப் பருவத்திலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். நாமாக ஒரு பள்ளியைப் பிடித்து, அவர்கள் சம்மதித்தால்தான் எழுத முடியும். தேர்வு மே மாதம்தான், ஆனால் பள்ளிகள் நவம்பர் நடுவிலேயே தேர்வுக்கு ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். பதினோராம் வகுப்பில் இது தெரியாமல் நவம்பர் முதல் வாரம் விசாரிக்க ஆரம்பித்தேன். பதினொரு பள்ளிகளுக்குப் போன் செய்தேன். "எங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான்" என்ற பதிலை ஒன்பது முறை கேட்டேன், ஒரு பள்ளியில் போனையே எடுக்கவில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த பள்ளி ஒன்றுதான் சரி என்றது. அங்கே இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்குக் கோயில் கட்டலாம். ஆகஸ்டிலேயே போன் செய்யுங்கள்.

பரிந்துரைக் கடிதங்களில் சிக்கல் இல்லை, கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) ஆசிரியர்கள் இருவர் தந்தார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில், பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) எழுத வேண்டிய கடிதத்துக்கு மட்டும் நானே உட்கார வேண்டியிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று படிப்பவர்களுக்குத் தெரியாதா என்ன? முதல் வரைவை மகள் படித்துவிட்டு, "அம்மா, இது கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றாள். புகழ்ச்சியை எல்லாம் வெட்டிவிட்டு, ஏன் வீட்டில் படித்தாள், எந்தப் பாடத்தை யார் நடத்தினார்கள், மார்க் எப்படிப் போட்டோம் என்பதை மட்டும் எழுதினேன்.

கடைசியில் ஒன்பது இடத்துக்கு விண்ணப்பித்தோம். ரீச் நான்கும் கைவிரித்தன. டார்கெட் மூன்றில் ஒன்று எடுத்தது, அங்கேதான் போகிறாள். அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் சம்மதம் டிசம்பரிலேயே வந்துவிட்டதால் மார்ச் முழுக்க வீட்டில் எல்லோரும் தூங்கினோம்.

இனி இறுதி மதிப்பெண் பட்டியல் அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய தலைமையாசிரியை நான்தான். வரலாற்றுப் பாடத்தின் கடைசிக் கட்டுரையை இன்னும் அவள் எழுதித் தரவில்லை.