மணிக்கட்டா, முன்கையா? ஷட்டில் கோர்ட் குறிப்புகள்

மார்ச் 3, 2025

"மணிக்கட்டைச் சொடுக்கு, மணிக்கட்டைச் சொடுக்கு" என்று பேட்மின்டன் கோச் இன்றும் கத்திக்கொண்டிருந்தார். புதுப் பையன்கள் அதைக் கேட்டு மணிக்கட்டை முன்னால் மடக்கி மடக்கி அடிக்கிறார்கள். காக் (இறகுப்பந்து) நெட்டைத் தாண்டினால் பெரிது. ஒரு பையனையும், ஸ்மாஷுக்கு (மேலிருந்து கீழே ஓங்கி அடிப்பது) பேர்போன சீனியர் அண்ணன் ஒருவரையும் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். காக் படும் நேரத்தில் அண்ணனின் மணிக்கட்டு பெரிதாக மடங்கவில்லை. அதுவரை தலைப் பக்கம் பார்த்திருந்த உள்ளங்கை, அடிக்கும்போது முன்னால் வந்து, அடித்து முடித்ததும் வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. முழுக்க முன்கையின் சுழற்சி.

மார்ச் 5

முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள். ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கைப் பக்கத்தால் அடிக்கும்போது, ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகப் புரள்கிறது. இதற்குப் பெயர் ப்ரொனேஷன். கூடவே மேற்கையும் தோள்மூட்டில் உள்நோக்கிச் சுழல்கிறது. ஸ்மாஷின் வேகத்தில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும்தான்.

சந்தேகம் இருந்தால் ராக்கெட்டை எடுத்துப் பாருங்கள். முன்கையும் ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்துக் கையைச் சுழற்றினால், ராக்கெட் நின்ற இடத்திலேயே திரும்பும். ராக்கெட்டின் தலை எங்கேயும் போகாது. இப்போது ராக்கெட்டைக் கொஞ்சம் சாய்த்து, முன்கைக்கும் அதற்கும் நடுவே ஒரு கோணம் வையுங்கள். அதே சுழற்சிக்குத் தலை பெரிய வளைவில் விசிறிக்கொண்டு வரும். மணிக்கட்டின் முக்கிய வேலை இந்தக் கோணத்தைக் காப்பதுதான்.

பையன்களின் சிக்கல் பிடியில் இருக்கிறது. தோசைக்கரண்டி பிடிப்பதுபோல் பிடிக்கிறார்கள். ராக்கெட் முகம் முதலிலேயே முன்னால் பார்த்துவிட்டால், அப்புறம் முன்கை சுழல என்ன மிச்சம்? மணிக்கட்டை மடக்குவதைத் தவிர வழியில்லை.

கோச்சிடம் வீடியோவைக் காட்டினேன். "சரி தம்பி, பிடியை மாத்திப் பார்ப்போம்" என்றார். மறுபடியும் கோர்ட்டுக்குள் போய் "மணிக்கட்டு!" என்று கத்தினார்.

மார்ச் 8

இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டியின் மணிக்கு 565 கிலோமீட்டர் வேக ஸ்மாஷ் பற்றிப் பேச்சு வந்தது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் சோகா நகரில், ராக்கெட் தயாரிக்கும் யோனெக்ஸின் தொழிற்சாலையில் அளந்து கின்னஸில் ஏறியது. மேட்ச்சில் அடித்ததல்ல. அதுவும் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் நொடியின் வேகம். காக்கின் எடை ஐந்து கிராம் சொச்சம்தான், அதை அதன் 16 இறகுகளும் காற்றில் இழுத்துப் பிடித்துவிடும், எதிராளியிடம் போய்ச் சேரும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சும்.

அந்த வேகமும் கையில் ஆரம்பிப்பதில்லை. கால், இடுப்பு, தோள், முழங்கை, முன்கை என்று வரிசையாக ஏறி வரும். முன்கை கடைசிக் கண்ணி. விரல்கள் அதுவரை தளர்ந்திருந்து, காக் படும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். முதலிலிருந்தே இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகள் விறைத்துச் சுழற்சி மெதுவாகிவிடும்.

மார்ச் 12

இன்று பேக்ஹேண்ட், புறங்கைப் பக்கத்தால் அடிப்பது. எல்லாம் தலைகீழ்: முழங்கை முதலில் உயர்கிறது, பிறகு முன்கை வெளிப்பக்கம் சுழல்கிறது, இது சுபினேஷன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற இந்தோனேசிய வீரர் தவுஃபிக் ஹிதாயத் பேக்ஹேண்டிலேயே ஸ்மாஷ் அடிப்பார். பழைய மேட்ச்களில் அவர் முழங்கையை மட்டும் பாருங்கள், மற்றதை விடுங்கள்.

அடிக்காத கையையும் யாரும் கவனிப்பதில்லை. மேலே நீட்டிய அந்தக் கையை உடம்போடு இழுக்கும்போதுதான் உடல் திரும்ப வேகம் கிடைக்கிறது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் துளசிமதி முருகேசன் வெள்ளியும் மனிஷா ராமதாஸ் வெண்கலமும் வென்றது எஸ்யூ5 பிரிவில். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கானது அது. சமநிலையை அவர்கள் காலிலும் இடுப்பிலும் எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்று தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தோள் வலி என்று வந்த பையனிடம் ரப்பர் பட்டையை வைத்துக் கையை வெளிப்பக்கம் இழுக்கும் பயிற்சி செய்யச் சொன்னார் கோச். நல்ல யோசனை. ஸ்மாஷ் முடிந்ததும் கையை நிறுத்துவது தோளின் பின்புறத்துச் சின்னத் தசைகள். பெரும்பாலோர் பலப்படுத்துவது முன்புறத்தை மட்டும்.