அலாரத்துக்குள் ஓர் ஆயுதம்

போன வாரம் ஜார்ஜ்டவுனில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் அலாரம் கத்த, அக்கா மகள் ஓடிவந்து சுவரிலிருந்த பெட்டியில் நாலு எண்ணை அழுத்தினாள், சின்னத் திரையில் 'டிஸ்ஆர்ம்ட்' என்று வந்தது.

"மாமா, டிஸ்ஆர்ம் என்றால் ஆயுதத்தைப் பறிப்பதுதானே? இங்கே ஏது ஆயுதம்?"

நல்ல கேள்வி. பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது, உள்ளே இருப்பது லத்தீன் 'ஆர்மா', அதாவது ஆயுதம். அலாரத்துக்கும் வேர் அதுதான்! "ஆயுதத்தை எடுங்கள்" என்று இத்தாலியில் எழுப்பிய கூக்குரல்தான் அலாரம் ஆனது.

ஆர்மா என்றால் வாளும் கேடயமும் மட்டுமில்லை, வேலைக் கருவிகளையும் குறிக்கும். நாமும் அப்படித்தானே, ஆயுத பூசையன்று ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். இந்த ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வெடிகுண்டைச் செயலிழக்க வைப்பதும் டிஸ்ஆர்ம்தான். 1989 டிசம்பர் 2ஆம் தேதி தாய்லாந்தில் கையெழுத்தான ஹாட்யாய் அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலாயா கம்யூனிஸ்டுகள் ஆயுதங்களைக் கைவிட்டதற்கும் அதே சொல் பொருந்தும்.

அப்புறம் 'டிஸ்ஆர்மிங்' சிரிப்பு. நிராயுதபாணியாக்கும் சிரிப்பு என்று சொன்னால் தமிழில் ஒட்டவே இல்லை. சண்டை போட வந்தவர் அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்துவிடுவார், அப்படிப்பட்ட சிரிப்பு என்றேன்.

"பாட்டி சிரிப்பு மாதிரியா?"

ஆமாம்மா, அதேதான்.