பிலிப்பியில் ஒரு காய்ச்சல் கதை

கிரீஸ் நாட்டின் கவாலாவிலிருந்து ட்ராமா என்னும் ஊருக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். பிலிப்பி சுமார் பதினைந்து கிலோமீட்டர். மேட்டைத் தாண்டி இறங்கினால் சமவெளி, அப்புறம் பிலிப்பி. பைபிளில் நெயாப்போலி என்று வருவது இந்தக் கவாலாதான். இயேசுவின் செய்தியைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுல் கப்பலை விட்டு இறங்கி இந்தப் பக்கமாகத்தான் பிலிப்பிக்குப் போனார். எனக்கோ இரண்டு நாளாகக் காய்ச்சல். வீட்டில் சொல்லவில்லை. தங்கை அம்மாவிடம் உளறிவிட்டாள்; விடிந்ததிலிருந்து ஏழு மிஸ்டு கால்.

ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸும் காசியஸும் கி.மு. 42-இல் போரில் தோற்றது இங்கேதான். பிறகு ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அரங்கம், சந்தை, பழைய தேவாலயங்களின் தூண்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ‘பவுலின் சிறை’ என்று ஒரு சிறிய நிலவறையையும் காட்டுகிறார்கள். அது தண்ணீர்த் தொட்டியாக இருந்ததாம். எனக்கு ஏமாற்றமில்லை, என் மனம் வேறொரு சிறையில் இருந்தது. இந்த ஊர்ச் சபைக்கு எழுதிய, பைபிளில் ‘பிலிப்பியர்’ என்று இருக்கும் கடிதத்தை எழுதும்போது பவுல் சிறைப்பட்டிருந்தது இந்த ஊரில் அல்ல. ரோமாபுரி என்பது மரபு. எபேசு என்கிறவர்களும் உண்டு.

நான் பார்க்க வந்தது இந்தச் சாலையை. எக்னாத்தியா என்னும் ரோமப் பெருஞ்சாலை, ஊருக்கு நடுவே கல் பாவிக் கிடக்கிறது. மேற்கே போனால் ஏட்ரியாட்டிக் கடல். அங்கே கப்பல் பிடித்தால் இத்தாலி. சிறையில் இருந்த பவுலுக்கு இந்த ஊர்ச் சபையார் உதவி கொடுத்து அனுப்பினார்கள். கொண்டுபோனவர் எப்பாப்பிரோதீத்து. போன இடத்தில் படுத்துவிட்டார், சாவின் விளிம்புவரை. இதுவரை சரி, நடக்கக்கூடியதுதான். அந்தக் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அடுத்து வருவதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது: தான் நோயில் கிடந்தது ஊரில் தெரிந்துவிட்டதே என்று அந்த மனுஷன் தவித்துப்போனாராம். செத்துப் பிழைத்தவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் பதறுவார்களே என்றுதான் கவலை. பவுலும் அவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறார். ‘அவரைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், என் துக்கமும் குறையும்’ என்பது காரணம். யாருடைய வலி யாருடையது என்று பிரிக்க முடியாதபடி முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதே அதிகாரத்தில்தான் அந்த வசனமும். ‘உங்கள் விசுவாசமாகிய பலியின்மேலும் ஊழியத்தின்மேலும் நான் வார்க்கப்பட்டுப்போனாலும்’ மகிழ்வேன், நீங்களும் என்னோடு சந்தோஷப்படுங்கள் என்கிறார். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ‘வார்க்கப்பட்டு’ என்றால் தோசை ஞாபகம்தான் வரும். அது பானபலி. பலியின்மேல் திராட்சரசத்தை ஊற்றுவார்கள். ஊற்றினதை அள்ள முடியாது. யூதர்களிடமும் இருந்த வழக்கம், ரோமர்களிடமும் இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. பலி அவர்களுடையது, தான் அதன்மேல் ஊற்றப்படும் ரசம் மட்டுமே என்று பவுல் தன்னை ஒரு படி கீழே வைத்துக்கொள்வதும் கவனிக்க வேண்டியது. உயிரைக் கொடுப்பவர் ‘எனக்காக அழாதீர்கள்’ என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘என்னோடு சேர்ந்து மகிழுங்கள்’ என்று கேட்பதற்கு எதிரில் இருப்பவர்கள்மேல் தனி உரிமை வேண்டும்.

பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்த லீதியாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் ஆற்றங்கரைக்கும் போனேன். குளிர்ந்த தண்ணீர், மர நிழல், ஒரு புதிய தேவாலயம். அரை மணி நேரம் உட்கார்ந்தேன்.

திரும்பும் பேருந்து ரொம்பத் தாமதம். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். “பிலிப்பியிலயா இருக்க? சாப்பிட்டியா?” என்றார். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கை உளறியது எனக்குத் தெரியக்கூடாதாம்.