ஒரு கோயில் வழக்கும் ஒரு மகத்தான ஓவியமும்

ஸ்பெயினின் தொலேதோவில் சாந்தோ தோமே என்றொரு கிறிஸ்தவப் பங்குக் கோயில் இருக்கிறது. இஸ்லாமியக் கலை கலந்த முதேகார் என்ற ஸ்பானியப் பாணியில் செங்கல் கோபுரம், அளவான கட்டடம். உலகமே அங்கே தேடிப் போவது பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த 'ஒர்காஸ் பிரபுவின் அடக்கம்' ஓவியத்துக்காக.

அந்த ஓவியத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு உண்டு. ஒர்காஸ் ஊரின் பிரபு கொன்சாலோ ரூயிஸ், 1323-ல் இறந்தவர். ஊரார் வருஷா வருஷம் இந்தக் கோயிலுக்கு 2 ஆடு, 16 கோழி, 2 தோல்பை திராட்சை மது, 2 சுமை விறகு, 800 மரவேதி காசு தரவேண்டும் என்று எழுதிவைத்தார். 1564-ல் ஊரார் நிறுத்திவிட்டார்கள். பங்குத்தந்தை ஆந்த்ரேஸ் நூனியெஸ் விடவில்லை. வழக்காடி 1569-ல் ஜெயித்தார். அப்புறம் 1586-ல், தன் பங்கைச் சேர்ந்த எல் கிரேக்கோவிடமே பிரபுவின் கதையை வரையச் சொன்னார்.

பிரபுவை அடக்கம் செய்ய புனித ஸ்தேவானும் புனித அகுஸ்தினாரும் வானத்திலிருந்து இறங்கி வந்தார்கள் என்பது ஐதீகம். ஓவியத்தில் ஸ்தேவானின் அங்கியைக் கிட்டத்தில் பாருங்கள்: அவர் கல்லெறிந்து கொல்லப்படும் காட்சியே அதில் பூவேலையாக இருக்கிறது. ஓவியத்துக்குள் இன்னொரு ஓவியம்! முன்னால் தீப்பந்தத்தோடு நிற்கும் சிறுவன் ஓவியரின் மகன் ஹோர்ஹே மனுவேல். அவன் கைக்குட்டையில் அவன் பிறந்த 1578 எழுதியிருக்கிறது. ஒரு அப்பாவின் பாசம் அந்தத் துணி நுனியில் தெரிகிறது.

கூலியிலும் இழுபறிதான், கடைசியில் 1200 டுகட் பொற்காசு. இன்றும் ஓவியம் அதே கோயிலில்தான் இருக்கிறது. மாட்ரிட்வரை போகிறவர்கள் தயவுசெய்து தொலேதோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.