ஊட்டி நொடியும் மேட்டுப்பாளையம் நொடியும்

அப்பாவுக்கு ஊட்டி மார்க்கெட் பக்கம் சின்னதாக ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கடையில் இருக்கும் எல்லா வாட்சும் சுவர்க் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. அந்தக் கடிகாரம் ரேடியோவுக்குக் கட்டுப்பட்டது. செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' சத்தத்துக்கு அப்பா முள்ளைத் திருப்புவார். ரேடியோவுக்கும் மேலே எங்கேயோ உண்மையான நேரம் ஒன்று ஓடுகிறது என்று நம்பித்தான் வளர்ந்தேன். நியூட்டன் 1687-இல் எழுதியதும் ஏறக்குறைய அதுதான்: எதையும் சாராமல், எங்கும் ஒரே சீராக ஓடும் காலம்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் அதை எடுத்துவிட்டது. பூமிக்கு நெருக்கமான கடிகாரம் மெதுவாக ஓடும். மேலே இருப்பது வேகமாக. 2010-இல் அமெரிக்காவில் வெறும் 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்திலேயே இதை அளந்தார்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது மேட்டுப்பாளையத்தில். எங்களுக்கும் அவளுக்கும் சுமார் 1,900 மீட்டர். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 6.5 மைக்ரோ நொடி (ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ நொடி) நாங்கள் முந்துகிறோம். அவளுக்குக் கல்யாணமாகி 20 வருஷம், ஆக 130.

இதைச் சொன்னபோது அப்பா ஒரு எச்.எம்.டி வாட்சைத் திறந்து வைத்திருந்தார். கண்ணில் லென்ஸ். பேலன்ஸ் வீல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்க, ரெகுலேட்டரை மயிரிழை அளவு தள்ளினார்.

"அப்ப கீழே சரிபண்ணின வாட்சை இங்கே கொண்டுவந்தா மறுபடி திருத்தணுமாம்மா?"

வேண்டாம்ப்பா என்றேன். பழுது வாட்சில் இல்லையே. அங்கே அக்காவின் நாடியும் அவள் வீட்டு வாழையும் அதே கணக்கில்தான் நடக்கின்றன. அவள் நொடி அவளுக்கு முழு நொடி. யாருடையது சரி என்று தீர்ப்பு சொல்ல மூன்றாவது கடிகாரம் கிடையாது.

"அப்ப ரேடியோ டைம்?"

அது ஒப்பந்தம். பல நாட்டு அணுக் கடிகாரங்களைச் சேர்த்து, 1977 முதல் உயர வித்தியாசத்தையும் கழித்து, கடல் மட்டத்து நொடியாக்கித் தருகிறார்கள். ஊட்டியின் நொடி வேறு.

இதை வைத்துக் காலமே மாயை என்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் நொடியிலிருந்து என் நொடியைப் பிசகாமல் கணக்கிட முடிகிறது. அப்புறம் எப்படி அது மாயை? எல்லோருக்கும் ஒன்றே என்ற நினைப்புதான் தவறு.

அப்பா மூடியை அழுத்தி மூடினார். "நியூசுக்கு முள்ளைத் திருப்பறதை நிறுத்த வேண்டாமில்ல?"

"வேண்டாம்ப்பா. பஸ் அந்த டைமுக்குத்தானே வருது."