ரோசேசியா: பரு போனது, சிவப்பு பாதிதான் போனது

கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்குக் கரும்பாலை. பாகு காயும் கொப்பரை அருகே நின்றால் யாருக்கும் முகம் எரியத்தான் செய்யும். எனக்கு வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அப்புறம் கன்னத்திலும் மூக்கிலும் பரு மாதிரி கிளம்பியதும் ஈரோட்டில் தோல் டாக்டரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கடையில டியூப் ஏதாச்சும் வாங்கிப் பூசுனீங்களா அம்மணி?" பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு கிரீமை நாள்பட முகத்தில் பூசினால், அதுவே இப்படிச் சிவப்பையும் பருவையும் கொண்டுவருமாம். பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒன்றைத்தான் எனக்கும் நீட்டியிருந்தார். சீட்டில்லாமல் விற்கக்கூடாத சரக்கு அது, ஆனால் கேட்டால் கிடைக்கிறது.

தோல் துளை அடைத்து வரும் கரும்புள்ளி, வெண்புள்ளி எதுவும் இல்லாததால் இது முகப்பரு இல்லை, முகம் நாள்பட்டுச் சிவந்து பருப்போல் கிளம்பும் ரோசேசியா என்ற தோல் நோய் என்றார். மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. எரிச்சல், குத்தல், சூடு எல்லாவற்றையும் நாமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எழுதிக் கொடுத்தது ஐவர்மெக்டின் 1 சதவீத கிரீம், தினம் ஒரு வேளை. "ஆட்டுக்குப் போடுற பூச்சி மருந்துங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். மருந்து அதேதான், ஆனால் ஆட்டு மருந்தை எடுத்து முகத்தில் பூசக்கூடாது. மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியை இது குறைக்கும், வீக்கத்தையும் தணிக்கும். பழைய மெட்ரோனிடசோல் 0.75 சதவீத கிரீமோடு 16 வாரம் ஒப்பிட்ட ஆய்வில் இதற்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. கூடவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை. நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சளும் எலுமிச்சையும் பூசச் சொல்லி மாமியார் நச்சரித்தார். எலுமிச்சை எரிச்சலைத்தான் கூட்டும் என்று மறுத்துவிட்டேன். பிறகு பரு மெல்ல அடங்கியது.

சிவப்பு பாதிதான் குறைந்தது. பருவை அடக்கும் மருந்து, விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்காது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் தேவலை. பிரிமோனிடின் ஜெல் சில மணி நேரம் சிவப்பை மறைக்கும், ஆனால் சிலருக்கு மருந்தின் வேகம் இறங்கும்போது சிவப்பு முன்னைவிட அதிகமாகிவிடும். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். வெளியே தெரியும் குழாய்களுக்கு லேசர் உண்டு. கோவையில் விசாரித்ததில் ஒரே தடவையில் முடியாது, திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்றார்கள். இப்போதைக்கு ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், நுரைக்காத சோப்பு, சூடு ஆகாதென்று ஆறவைத்துக் குடிக்கும் டீ. லேசருக்குக் காசு ஒதுக்குவதைப் பற்றி வீட்டில் பேச்சு இன்னும் முடியவில்லை.