சீரியல் செட்டில் முப்பத்தேழாவது பல்பு

ஒரு வாரமாகப் பாதி எரிந்து பாதி இருண்டு கிடந்த சீரியல் செட்டில், செத்த பல்பை நேற்று இரவு பிடித்துவிட்டேன். யாங்கூனில் தடிங்யுட் என்னும் பர்மிய விளக்குத் திருவிழாவின் முழுநிலவு கழிந்து இரண்டு வாரத்தில் தீபாவளி. அதனால் எங்கள் தெருவில் விளக்குச் சரத்தை யாரும் இடையில் கழற்றுவதில்லை. எங்கள் வீட்டு வாசல் மட்டும் அரைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

100 வெள்ளை எல்இடி, 230 வோல்ட். பெயர்தான் சீரியல். உள்ளே 50 பல்பு ஒன்றன் பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் ஒரு வரிசை, அதே மாதிரி இன்னொரு வரிசை, இரண்டும் தனித்தனியே கரண்டு வாங்கும் பக்க இணைப்பில். ஒன்று செத்தால் அதன் வரிசை முழுவதும் அணையும், அடுத்த வரிசைக்கு ஒன்றும் ஆகாது.

இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று. சரம் நெடுக மூன்று ஒயர் முறுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, எல்லாமே பக்க இணைப்பு என்று நானாக முடிவு கட்டினேன். பிறகு மினுக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு மீட்டரை, ஒயர் தொடர்பு இருந்தால் கத்தும் பீப் நிலையில் வைத்தேன். பக்க இணைப்பாக இருந்தால் தொடக்க ஒயர் ஒவ்வொரு பல்பின் ஒரு காலிலும் பீப் கொடுக்க வேண்டும். முதல் பல்பில் மட்டும் கத்தியது, இரண்டாவதிலிருந்து மௌனம். மற்ற ஒயர்கள் பல்பைத் தொடாமல் சும்மா கடந்து போகிறவை!

மச்சான், கரண்டு வரும்போது டெஸ்டரை வைத்துப் பார்க்கலாம் என்றான். மாட்டேன். தொடர் இணைப்பு எங்கே அறுந்ததோ, மொத்த வோல்ட்டும் அந்த இடைவெளியில்தான் வந்து நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலை.

என் மீட்டரின் டயோடு நிலை வெள்ளை எல்இடிக்குப் போதவில்லை, சிவப்பு மட்டும் லேசாக எரிகிறது. எனவே 9 வோல்ட் பேட்டரி, 1000 ஓம் ரெசிஸ்டர், ஒயர் உறையைத் துளைக்க இரண்டு குண்டூசி. வெள்ளை பல்புக்கு ஏறக்குறைய 3 வோல்ட், இரண்டுக்கு 6, மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டருக்கு. 3 மில்லியாம்பியர், சோதனைக்கு அது தாராளம். மூன்று பல்பை ஒன்றாகச் சோதிக்க முடியாது, 9 வோல்ட்டும் அதிலேயே தீர்ந்துவிடும். முதலில் ஊசிகளைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் குத்திவிட்டு எல்லாப் பல்பும் போச்சு என்று பயந்தது தனிக் கதை.

பத்தொன்பதாவது ஜோடி எரியவில்லை. நடுவில் ஒரு குத்து: 38 எரிந்தது, 37 இல்லை. மொத்தம் 21 துளை. ஒவ்வொன்றுக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றியதுதான் இந்த வேலையிலேயே கொடுமை. கடையில் வாங்கிய டேப் மதிய வெயிலில் பசை கசிந்து கழன்றது. இனி சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் ஸ்லீவ் குழாய்தான்.

இதற்கிடையே மனசு பேட்டரிக்குத் தாவிவிட்டது. எங்கள் பகுதியில் கரண்டு முறை வைத்துத்தான் வருகிறது. 3.2 வோல்ட் லித்தியம் செல் நான்கைத் தொடரில் கோத்தால் 12.8. பழைய செல்லையும் புதுசையும் கலக்கக் கூடாது என்று மச்சானிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

37-க்கு மாற்றாகப் பழைய சரத்திலிருந்து ஒரு பல்பை உருவி வைத்திருக்கிறேன். கால் குட்டையாக இருக்கிறது, ஒயர் சேர்த்து ஈயப் பற்று வைக்க வேண்டும். நேற்று சால்டரிங் இரும்பு சூடேறும்போதே கரண்டு போய்விட்டது.